மாட்டுங்காவில் பத்துக்குப் பதினாலு அறை, பக்கத்தில் ரயில்: சிங்க் சவுண்ட் தேறுமா?

பகல்_கனவு

வணக்கம். 18 நிமிஷத் தமிழ்க் குறும்படம், சிங்க் சவுண்டில் (நடிக்கும்போதே ஒலிப்பதிவு) எடுக்க நினைக்கிறோம். மும்பை மாட்டுங்கா கிழக்கில் பழைய கட்டடம், இரண்டாம் மாடி, ஒரே அறை. 10 அடிக்கு 14 அடி, உயரமும் 10 அடிதான். மொசைக் தரை, வெறும் சுவர், கடப்பா கல் சமையல் மேடை. ஜன்னலைத் திறந்தால் சென்ட்ரல் லைன் சத்தம். நடிகர்கள் அம்மா, மகன் என்று இரண்டே பேர். பாதிப் படம் அடுப்புப் பக்கம் நின்று பேசுவதுதான், அம்மாவுக்கு முழுக்கக் காட்டன் புடவை.

கையில் இருப்பது: சோனி எஃப்எக்ஸ்3 கேமரா, ஸூம் எஃப்6 ரெக்கார்டர், சென்ஹைசர் எம்கேஎச் 416 மைக் ஒன்று, ஜி4 வயர்லெஸ் லேப்பல் (உடையில் ஒளித்து வைக்கும் சின்ன மைக்) இரண்டு. மூன்று நாள் ஷூட், ஜூலை முதல் வாரம்.

எஃப்6-ல் 32 பிட் ஃப்ளோட் (சன்னமான ஒலி, உரத்த ஒலி இரண்டையும் உடையாமல் பதியும் முறை) இருக்கிறதே, லெவல் பார்க்கத் தனி ஆள் எதற்கு, பூம் (கம்பில் மாட்டிய மைக்) பிடிக்க ஒருத்தர் போதும் என்கிறார் தயாரிப்பாளர். சரியா? இன்னும் ஒரே ஒரு பொருள்தான் வாடகைக்கு எடுக்க முடியும். எதை எடுக்கலாம்? அல்லது பேசாமல் டப்பிங் போய்விடலாமா?

பூம்கம்பு

ஒரே பொருள்தான்னா ரெக்கார்டர் பக்கமே போகாதீங்க, எஃப்6 தாராளம். மைக்கை மாத்துங்க. அந்த அறைக்கு 416 ஆகாது.

416 குழாய் மைக். பக்கவாட்டில் வர்ற ஒலியை அந்தக் குழாய்க்குள்ளேயே ஒன்னோட ஒன்னு மோதவிட்டுத்தான் குறைக்குது. மேல் அலைவரிசையில்தான் இந்த வேலை நடக்கும், கீழே போகப் போக குழாய் இருந்தும் இல்லாத மாதிரி. வெட்டவெளியில் அருமையான மைக். சின்ன அறையில் சுவர், தரை, கூரைன்னு நாலா பக்கமும் திரும்பி வர்ற எதிரொலி அதே குரலோட நகல். அதை அரைகுறையா வெட்டும்போது குரல் டப்பாவுக்குள்ள பேசின மாதிரி ஆயிடும். நடிகர் தலையைக் கொஞ்சம் திருப்பினாலே குரலோட நிறம் மாறும். போதாததுக்கு இந்த வகை மைக்குக்குப் பின்பக்கமும் கொஞ்சம் காது உண்டு. பத்தடி அறையில் மேலேருந்து பூம் பிடிச்சா அந்தப் பின்காது நேரா ஃபேனைப் பார்க்கும்.

அந்தேரி பக்கம் வாடகைக்கடைகளில் எம்கேஎச் 50 கேளுங்க, இல்லைன்னா 8050. ரெண்டும் சூப்பர்கார்டியாய்டு, அதாவது முன்பக்கத்தைக் குறுகலா கேக்குற வகை. இதுங்க ரொம்பக் குறைவா கேக்குற திசை நேர் பின்னால இல்லை, பக்கத்துக்குக் கொஞ்சம் பின்னால, முன்முகத்திலிருந்து சுமார் 125 டிகிரி. ஜன்னல் அந்தக் கோணத்தில் வர்ற மாதிரி பூம் ஆள் நிக்கணும். லைட்டு வைக்கிறதுக்கு முன்னாடியே கேமராமேனோட பேசி அந்த இடத்தைப் பிடிச்சுடுங்க, அப்புறம் கேட்டா கிடைக்காது. ஜூலைங்கறதால இன்னொரு லாபம்: 416 மாதிரியே எம்கேஎச் 50-யும் ஆர்எஃப் கண்டன்சர் (உள்ளே ரேடியோ அலைவரிசையில வேலை செய்யற மைக்). ஈரக்காத்துல சாதாரண கண்டன்சர் பொரி பொரியும், இது தாங்கும். அதுக்காக ஏசி வண்டியிலேருந்து இறங்கின உடனே பெட்டியைத் திறக்காதீங்க, மைக் மேல பனி பூத்துடும். மூடினபடியே அறைச் சூட்டுக்கு வரட்டும். உள்ளே சிலிக்கா ஜெல் பை கிடக்கட்டும்.

தூரம்தான் எல்லாமே. வாய்க்கும் மைக்குக்கும் 120 செ.மீ. இருந்ததை 60 ஆக்கினா குரல் 6 டிபி (டெசிபல்) ஏறும், ரயில் சத்தம் இருந்த இடத்துலயே நிக்கும். 32 பிட் ஃப்ளோட் இந்த 6 டிபியைத் தராது. அறைச் சத்தத்தோட சேர்த்துத்தான் குரலையும் தூக்கும்.

கேபிள்சுருள்

தயாரிப்பாளரின் 32 பிட் கணக்கில் இன்னொரு ஓட்டை. ஜி4 அனலாக் வயர்லெஸ். இடுப்பில் இருக்கும் டிரான்ஸ்மிட்டரிலேயே குரல் உடைந்துவிட்டால், எஃப்6 அந்த உடைந்த குரலைத்தான் 32 பிட்டில் பத்திரமாகப் பதியும். அம்மா கத்தும் வசனத்தை ஒத்திகையில் முழுக் குரலில் கத்தச் சொல்லி, அதற்கு டிரான்ஸ்மிட்டர் சென்சிட்டிவிட்டியை வையுங்கள். பீக் விளக்கு எரியக் கூடாது. மெதுவாகப் பேசும் காட்சிக்குத் திரும்ப ஏற்ற வேண்டும், இதை மறப்பவர்கள்தான் அதிகம்.

ஜி4 பெட்டியில் என்ன எழுத்து போட்டிருக்கிறது என்று முதலில் பாருங்கள். ஏ (516–558 மெகாஹெர்ட்ஸ்), ஜி (566–608), பி (626–668) என்றால் கவலையில்லை. சி (734–776), டி (780–822) இரண்டும் 700 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் ஓடும் 5ஜி-யோடு முட்டும். இ (823–865) இன்னும் மோசம்: 824 முதல் 849 வரை மொபைல் போன்களே பேசும் இடம், செட்டில் இருக்கும் ஒவ்வொரு பாக்கெட்டும் ஒரு எதிரி. அறையிலேயே, எல்லா லைட்டும் எரியும்போது ஸ்கேன் செய்யுங்கள். இரண்டு செட்டுக்கும் ஒரே பேங்கில் (கருவியில் முன்பே தொகுத்த சானல் குழு) இருந்து சானல் எடுத்தால் ஒன்றை ஒன்று தொந்தரவு செய்யாது.

புடவை விஷயம். கஞ்சி போடக் கூடாது. காஸ்ட்யூம் பொறுப்பாளரிடம் இன்றே சொல்லுங்கள். மொடமொடப்பான காட்டன் லேப்பலில் காகிதம் கசக்குவது போலக் கேட்கும். புதுப்புடவை என்றால் இரண்டு தண்ணீர் அலசி, கஞ்சியில்லாமல் காய வைத்துக் கட்டச் சொல்லுங்கள்.

மைக்கின் இடம் ஜாக்கெட் மேல் விளிம்பின் நடுவில், உட்பக்கம், நெஞ்செலும்பு மேல். மருந்துக்கடையில் கிடைக்கும் ஒரு அங்குல மைக்ரோபோர் டேப்பை, பசை வெளியே இருக்கும்படி சமோசா போல முக்கோணமாக மடியுங்கள். இப்படி இரண்டு. மைக்கை நடுவில் வைத்து ஒரு முக்கோணம் தோலில், மற்றது துணியில். துணியும் மைக்கும் ஒன்றாக நகர்ந்தால் உரசல் இல்லை. மைக் தலை கீழ்நோக்கி இருந்தால் வியர்வையும் மூச்சும் நேராக விழாது. வயரில் கீழே ஒரு சின்ன வளையம் போட்டு டேப் ஒட்டுங்கள், இழுவை மைக்குக்குப் போகாமல் அங்கேயே நிற்கும். ஜூலை வியர்வைக்குக் காட்சிக்கு ஒருமுறை டேப் மாற்ற வேண்டும்.

டிரான்ஸ்மிட்டரைப் பாவாடை நாடாவில் செருகாதீர்கள். உட்கார்ந்து எழுந்தால் சரியும், கொசுவமும் கலையும். க்ரேப் பேண்டேஜை இடுப்பில் இரண்டு சுற்று சுற்றி, முதுகுப்பக்கம் பை மாதிரி வைத்துச் செருகுங்கள். ஆன்டெனா மடங்காமல், ஈரத் தோலில் ஒட்டாமல் இருக்கட்டும்.

தாலிச் சங்கிலி லேப்பலில் மணி அடிக்கும். ஜாக்கெட்டுக்குள் தோலோடு டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். கண்ணாடி வளையல்களுக்கு இடையில் மெல்லிய தலைமுடி ரப்பர் பேண்ட் போடலாம், குளோஸப்பில் பாதியைக் கழற்றலாம். எவர்சில்வர் தட்டு, டம்ளர் அடியில் ஃபெல்ட் வட்டம் ஒட்டுங்கள். கடப்பா கல்லில் டம்ளர் வைக்கும் ஓசை ஒரு வசனத்தையே தின்றுவிடும்.

இந்த அறையில் லேப்பல்தான் முதல் பாதுகாப்பு என்பேன். பூம் கிடைத்தால் லாபம்.

பூம்கம்பு

கடைசி வரியில மட்டும் ஒத்துப்போகல. சமையல் மேடைக்காட்சியில் அம்மா குனிஞ்சு நிமிர்றாங்க, தலைப்பை இடுப்புல செருகுறாங்க, கை எப்பவும் நெஞ்சுக்கு முன்னாடி. லேப்பல் எவ்வளவு நல்லா ஒட்டினாலும் பத்துல மூணு டேக் உரசும். ஃப்ரேம் இடுப்புக்கு மேலன்னா பூம் 50 செ.மீ.க்குள்ள இறங்கிடும், அங்க அதுதான் ராஜா. வைட் ஷாட்டுக்கு லேப்பல்னு வெச்சுக்குவோம்.

பகல்_கனவு

ரொம்ப நன்றி. எங்கள் ஜி4 இரண்டும் பி, தப்பித்தோம். மூன்று சந்தேகம். ஃபேன் ஃப்ரேமில் தெரிகிறது, சுற்றியாக வேண்டும். ஜன்னல் ஷேடு மேல் தகரம், மழை வந்தால் என்ன செய்வது? ரயிலுக்கு மெகா பிளாக் (பராமரிப்புக்காகப் பாதையை மூடுவது) ஞாயிறு உதவுமா?

பூம்கம்பு

ஃபேனை ரெகுலேட்டர்ல ஒன்னுல வெச்சுப் பார்க்கலாம்னு தோணும். எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் கரண்ட் அலையை வெட்டி வெட்டி அனுப்பும், மோட்டார் 100 ஹெர்ட்ஸ்லயும் அதன் மடங்குகள்லயும் முனகும். வேகம் குறைஞ்சாலும் முனகல் கூடும். வீட்டுக்காரர் சம்மதிச்சா மூணு நாளைக்கு பிஎல்டிசி ஃபேன் (பிரஷ் இல்லாத மோட்டார்) மாட்டுங்க, கீழ் வேகத்துல ஏறக்குறைய சத்தமே இருக்காது. ஃபேன் தெரியாத ஷாட்டுல நிறுத்திடுங்க, டேக்குக்கு நடுவுல ஓடட்டும், இல்லைன்னா நடிகர்கள் வெந்துடுவாங்க. ஃப்ரிட்ஜையும் அணைக்கணும். அணைக்கிறவர் வண்டிச் சாவியை ஃப்ரிட்ஜுக்குள்ள வெச்சுட்டா ஷூட் முடிஞ்சதும் மறுபடி போட மறக்க மாட்டார்.

தகரத்து மேல தென்னைநார் கால்மிதி, தடிமனானது, நெருக்கமா பரப்பிக் கயிறு போட்டுக் கட்டுங்க. துளி தகரத்துல அறையாம நாருல சிதறிடும். பிளாஸ்டிக் தார்ப்பாய் மட்டும் போட்டா தகரத்தை விட மோசம். கீழ்வீட்டு ஏசி யூனிட், ஓரத்துல இருக்கற பழைய டின் எல்லாம் பாருங்க, ஒரே ஒரு சொட்டு விழற இடம்தான் உயிரை வாங்கும்.

மெகா பிளாக்கை நம்பாதீங்க. ஒரு ஜோடித் தண்டவாளத்தை மூடினா வண்டிகளை அடுத்த ஜோடியில திருப்பி விடுவாங்க, ஓட்டம் குறையுமே தவிர நிக்காது. உண்மையான அமைதி நள்ளிரவு ஒரு மணிக்கு மேல, விடிகாலை முதல் வண்டிக்கு முன்னாடி. ரகசியமா பேசற காட்சி இருந்தா அந்த நேரத்துக்கு வைங்க. ஜன்னலைக் கறுப்புத்துணியால அடைச்சுப் பகல் லைட் கொடுத்துக்கலாம். கட்டடத்துல தண்ணி பம்ப் எத்தனை மணிக்கு ஓடுதுன்னும் வாட்ச்மேன்கிட்ட கேட்டு கால்ஷீட்டுலயே எழுதிடுங்க.

அறைக்கு: தரையில ஜமுக்காளம் ரெண்டு மடிப்பு. கேமராவுக்குப் பின்னாடி சுவருல பஞ்சு ரஜாய் (தடிமனான மெத்தைப் போர்வை), ஒட்டித் தொங்க விடாம சுவருலேருந்து ஒரு சாண் தள்ளி ஸ்டாண்டுல. அந்த இடைவெளியாலதான் கொஞ்சம் கீழ் அலைவரிசையும் அடங்கும். மேடையில ஃப்ரேமுக்கு வெளியே இருக்கற கடப்பா கல் மேல தடி டவல். ஜன்னலுக்கு ரஜாயை விட இடுக்கு அடைக்கிறதுதான் முக்கியம், விரல் நுழையற சந்து விட்டாலே மத்ததெல்லாம் வீண். ரஜாய் மேல் ஒலியைத்தான் உறிஞ்சும், ரயிலோட அடிவயிற்று உறுமல் நிக்காது. உங்க அறையில இன்னொரு சிக்கல்: அகலமும் உயரமும் ஒன்னா இருக்கறதால 56 ஹெர்ட்ஸும் 112-ம் ரெண்டு திசையிலயும் சேர்ந்து வீங்கும். மகனோட குரல் 112-க்குப் பக்கத்துல விழலாம். அவரை மூலையில நிக்க வைக்காதீங்க, ரெண்டடி உள்ளே வந்தாலே வித்தியாசம் தெரியும்.

எடிட்மேசை

டப்பிங் கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. போக வேண்டாம். முழுப்படம் டப் செய்தால் சுவாசம், பாத்திரம், காலடி என்று எல்லாவற்றையும் மறுபடி உருவாக்க வேண்டும், அந்தச் செலவில் இன்னொரு நாள் ஷூட் செய்யலாம். அதற்குப் பதில் வைல்ட் லைன் எடுங்கள். ஹாரன் ஒரு வசனத்தில் ஏறிவிட்டது, காட்சி நன்றாக இருக்கிறது என்றால், ஷாட் ஓகே ஆனவுடன் கேமராவை நிறுத்திவிட்டு, நடிகர் அதே இடத்தில் அதே நிலையில் நிற்க, பூமும் அதே உயரத்தில் இருக்க, அந்த வசனத்தை மட்டும் மூன்று முறை வாங்குங்கள். அடுத்த செட்டப் போன பிறகு வாங்கினால் தொனி பொருந்தாது.

ஒவ்வொரு செட்டப்பிலும் எல்லோரும் இருந்த இடத்தில் நிற்க, லைட் எரிய, 45 விநாடி ரூம் டோன் (யாரும் பேசாதபோது அறையின் ஒலி). ரயில் இல்லாமல் ஒன்று, ரயில் கடக்கும்போது ஒன்று. இரண்டாவதைத்தான் எடிட்டில் அதிகம் தேடுவோம்: ஒரு ஷாட்டில் உறுமல் இருந்து அடுத்ததில் அறுந்தால், அதை இதை வைத்துத்தான் ஒட்ட முடியும்.

டைம்கோடு (படத்தையும் ஒலியையும் பொருத்த உதவும் நேரக் குறி): டென்டக்கிள் போன்ற பெட்டி கேமராவின் மைக் ஓட்டையில், ஒரு சானலில் டைம்கோடு, மற்றதில் வழிகாட்டி ஒலி. கேமராவின் ஃப்ரேம் ரேட்டும் எஃப்6-ன் ரேட்டும் ஒன்றாக இருக்கட்டும். சோனி மெனுவில் 24பி என்று இருப்பது பெரும்பாலும் 23.976. அங்கே அது, இங்கே 24 என்று வைத்தால் மணிக்கு 3.6 விநாடி விலகும். பெட்டி கிடைக்காவிட்டால் கிளாப் போதும், ஆனால் கிளாப் ஒலி பூமிலும் விழ வேண்டும்.

48 கிலோஹெர்ட்ஸ். பூம் ஒரு டிராக், லேப்பல் இரண்டும் தனித்தனி டிராக், எதையும் கலந்து மட்டும் தராதீர்கள். 60 செ.மீ. தூரத்துப் பூமையும் 20 செ.மீ. தூரத்து லேப்பலையும் அப்படியே சேர்த்தால் இடையில் 1.2 மில்லிவிநாடி வித்தியாசம், 430 ஹெர்ட்ஸ் அருகே குரலில் பள்ளம் விழும். லோ கட்டும் (கீழ் ஒலியை வெட்டும் வடிகட்டி) 80 ஹெர்ட்ஸுக்கு மேல் போகாதீர்கள், மீதியை இங்கே பார்த்துக்கொள்கிறோம். ஆனால் எதிரொலியை மென்பொருள் எடுத்துவிடும் என்ற தைரியத்தில் ரஜாய் கட்டாமல் வந்து நிற்காதீர்கள்.

எஃப்6-ல் ஒரே ஒரு எஸ்டி கார்டுதான். மதிய இடைவேளையிலும் அன்றைய ஷூட் முடிந்ததும் இரண்டு டிரைவில் நகல். ஃபைல் பெயரில் சீன், ஷாட், டேக். ரிப்போர்ட்டில் ‘நல்ல டேக்’ என்று எழுதினால் எனக்குப் பயனில்லை. ‘டேக் 3, “சாப்பிட்டியா” வரை சுத்தம், பிறகு ஹாரன்’ என்று எழுதுங்கள்.

பகல்_கனவு

எம்கேஎச் 50 சொல்லி வைத்துவிட்டேன். அப்படியென்றால் பூம் ஆள் ஒருத்தர், எஃப்6 முன் ஒருத்தர்?

கேபிள்சுருள்

ஆமாம், இரண்டு பேர். எஃப்6 முன் உட்காருபவர் மூடிய ஹெட்போன் போட்டிருக்க வேண்டும். உரசல், போன் இரைச்சல், பேட்டரி சாவு எதையும் மீட்டர் காட்டாது, காதுதான் சொல்லும். ஜி4-க்கு டபுள் ஏ செல் ஒவ்வொன்றுக்கும் இரண்டு, மதியம் சாப்பாட்டுக்கு விடும்போதே மாற்றிவிடுங்கள், தீரும் வரை காத்திருக்க வேண்டாம்.