போலந்துக் குக்கிராமம் ஒண்டின்ர ஜேர்மன் காலத்து வரலாறு: எதில தொடங்குறது?

சுழிபுரத்தான்:
அண்ணைமார், அக்காமார், தமிழ் விக்கிப்பீடியாவுக்கு ஒரு ஊர்க் கட்டுரை எழுதத் தொடங்கியிருக்கிறன். ஊர் க்ஷிஷோவா. போலந்தின்ர தென்மேற்கில, ஷ்வித்னிட்சா நகரத்துக்குக் கிட்ட இருக்கிற சின்னக் கமக்காரக் கிராமம். 1945 வரைக்கும் ஜேர்மனிக்குள்ள கிரைசாவ் எண்ட பேரில இருந்தது. ‘போலந்திட்ட இருந்து ஜேர்மனி பிடிச்ச ஊர்’ எண்டு எழுதினாச் சரியோ? ரெண்டாவது, பழைய சனத்தொகைக் கணக்குகளில இந்தப் பக்கத்து ஊர்களுக்கு ஒரே வருசத்தில ரெண்டு எண்ணிக்கை வருது, எதை எடுக்கிறது? யாழ்ப்பாணத்து ஊரெண்டா தோம்பு, பங்குப் பதிவேடு, கச்சேரி ஆவணம் எண்டு வரிசை தெரியும். அங்க எது எங்க இருக்கும்?

நல்லூர் வாசகன்:
அந்த வசனத்தை வெட்டுங்கோ தம்பி. அது மேற்குப் போலந்தின்ர பொஸ்னான் பக்கத்துக்குப் பொருந்தும். அங்க, பக்கத்து அரசுகள் போலந்தைப் பங்குபோட்ட 1793 பிரிவினையில, பிரசியா எண்ட ஜேர்மன் அரசு நேரடியா போலந்திட்ட இருந்துதான் எடுத்தது. உங்கட ஊர் இருக்கிற சிலேசியா வேற கதை. ஷ்வித்னிட்சா, போலந்தின்ர பழைய அரச குடும்பமான பியாஸ்ட் வம்சத்துச் சிற்றரசு. அதின்ர சிற்றரசர் இரண்டாம் போல்கோ 1368இல பிள்ளையில்லாமல் செத்து, அவற்ர மனிசி ஆக்னஸ் 1392இல செத்தாப் பிறகு பொஹீமிய (இண்டைய செக் நாட்டுப் பக்கம்) முடிக்குக் கீழ முழுசாப் போச்சு. 1526இல பொஹீமியாவோட சேர்ந்து ஒஸ்திரியாவை ஆண்ட ஹப்ஸ்பேர்க் குடும்பத்தின்ர கையில. பிரசிய அரசர் இரண்டாம் பிரெடெரிக் 1740இல படையெடுத்து, 1742 உடன்படிக்கையில பிரசியா எடுத்தது ஒஸ்திரியாவிட்ட இருந்து. 1871இல ஜேர்மன் பேரரசு, 1945இல போலந்து. வடகிழக்கில இருக்கிற மசூரியா இன்னொரு விதம், அதுக்கு டியூட்டோனிக் வீரர் சபை எண்ட ஜேர்மன் துறவு-படைச் சபையில இருந்து தொடங்கவேணும். எந்த மாகாணம் எண்டு பாக்காமல் ‘ஜேர்மன் ஆட்சி’ எண்டு ஒரே பெட்டிக்குள்ள போடுறதுதான் இந்த மாதிரிக் கட்டுரைகளில கனக்க வாற பிழை.

கொக்குவில்_அக்கா:
எண்ணிக்கைக் குழப்பத்துக்கு நான் சொல்லுறன். பிரசியாவில பெரிய பண்ணை இருந்த ஊர் நிர்வாகத்தில ரெண்டாப் பிரிஞ்சிருக்கும். கமக்காரர் வீடுகள் ஒரு கிராமசபை. பண்ணை நிலமும் அதில குடியிருந்த கூலியாக்களும் ‘குட்ஸ்பெசிர்க்’ எண்ட தனி அலகு. அதுக்குச் சபை கிடையாது, பண்ணைச் சொந்தக்காரரே ஊர் அதிகாரி. ரெண்டுக்கும் ஒரே பேர், ஆனால் தொகைக் கணக்கில தனித்தனி வரி. 1885, 1905, 1910 கணக்கெண்டா ரெண்டையும் தேடிக் கூட்டுங்கோ. 1927 டிசம்பர் 27ஆம் திகதிச் சட்டத்தோட இந்த அலகுகளைக் கலைக்கத் தொடங்கிச்சினம், பெரும்பாலும் 1928இல முடிஞ்சுது. அதாலதான் 1925க்கும் 1933க்கும் இடையில சில ஊர்களின்ர சனம் திடீரெண்டு பெருகின மாதிரித் தெரியும். ஒருத்தரும் புதுசா வந்து குடியேறேல்லை.

ஆவணம் தேடுற ஒழுங்கு: முதல் 1912இல வந்த மயர் ஊர் அகராதியில ஜேர்மன் பேரைப் பாருங்கோ, இணையத்தில சும்மா கிடைக்கும். அதில மாவட்டம், பதிவாளர் கந்தோர், கோயில் எல்லாம் இருக்கும். மாவட்டத்தைக் குறிக்காமல் அடுத்த படிக்குப் போகாதேங்கோ. கீழ்ச் சிலேசியாவிலேயே பொலெஸ்வாவியெட்ஸ் பக்கத்தில இன்னொரு க்ஷிஷோவா இருக்கு, தெற்குப் போலந்தில ஷிவியெட்ஸ் பக்கத்தில மூண்டாவது. பிறகு பழைய 1:25,000 நில அளவைப் படம். நாலு சென்ரிமீற்றர் ஒரு கிலோமீற்றர், தனி வீடும் செங்கல் சூளையும் கூடத் தெரியும்.

பிறப்பு, விவாகம், இறப்புக்கு பிரசியாவில அரசுப் பதிவு 1874 ஒக்டோபர் 1இல தொடங்குது. பல ஊருக்கு ஒரு கந்தோர், அதால உங்கட ஊர்ப் பேரில பதிவேடு இல்லையெண்டு கைவிடாதேங்கோ. பிறப்பு 100 வருசம், விவாகமும் இறப்பும் 80 வருசம் உள்ளூர்ப் பதிவகத்தில இருக்கும், அதுக்குப் பிறகு அரச ஆவணக்காப்பகம். போலந்து காப்பகங்களின்ர பொதுத் தேடுதளத்தில பதிவாளர் கந்தோர் இருந்த ஊரின்ர இண்டைய போலிஷ் பேரை, எழுத்துக்கு மேல கீழ வாற போலிஷ் குறிகளோட தட்டுங்கோ. படம் ஏற்றாத கட்டுகளுக்கு மின்னஞ்சலில எழுதிக் கேக்கவேணும்.

சுழிபுரத்தான்:
நன்றி அக்கா. 1874க்கு முந்தினது கோயில் பதிவேடுதானே? அந்தக் கையெழுத்தை எப்பிடி வாசிக்கிறது?

கொக்குவில்_அக்கா:
ஓம், ஆனால் அங்க ஒரு பொறி இருக்கு. 1653-54இல ஹப்ஸ்பேர்க் அரசு இந்தப் பக்கத்துக் கிராமக் கோயில்களைப் புரட்டஸ்தாந்துக்காரரிட்ட இருந்து பறிச்சுக் கத்தோலிக்கருக்குக் குடுத்திட்டுது. புரட்டஸ்தாந்துக்காரருக்கு மிஞ்சினது ஷ்வித்னிட்சா மதிலுக்கு வெளியில 1656-57இல கட்டின அமைதிக் கோயில். மரம், களிமண், வைக்கோல் மட்டும், கோபுரமும் மணியும் கூடாது எண்ட நிபந்தனையில கட்டினது. இண்டைக்கு அது யுனெஸ்கோ பட்டியலில. அதால 1740கள் வரைக்கும் ஒரு கிராமத்துப் பிள்ளையின்ர ஞானஸ்நானம் நகரத்துப் பதிவேட்டிலயும் இருக்கலாம், பக்கத்துக் கத்தோலிக்கப் பங்கிலயும் இருக்கலாம். ரெண்டையும் பாருங்கோ.

கையெழுத்து ‘கூரென்ட்’ எண்ட பழைய ஜேர்மன் எழுத்துமுறை. சின்ன e எங்கட கண்ணுக்கு n மாதிரித் தெரியும், u-க்கு மேல ஒரு வளைவு போட்டிருக்கும். 1874க்குப் பிந்தின பத்திரத்தில தொடங்குங்கோ. படிவம் அச்சு, இடைவெளி மட்டும் கையெழுத்து. மாதப் பேரையும் தொழில் பேரையும் பழகினாப் பிறகு கோயில் பதிவேட்டுக்குப் போங்கோ. நேரே 1700க்குப் போற ஆக்கள் ஒரு பக்கத்தோட விட்டிடுவினம்.

வட்டுக்கோட்டை_72:
ஒரு எச்சரிக்கை. க்ஷிஷோவா எண்டாலே கட்டுரை மோல்ட்கே குடும்பத்துப் புராணமாப் போயிடும். பிரசியத் தளபதி மோல்ட்கே 1866 போருக்குக் கிடைச்ச சன்மானத்தில 1867இல பண்ணையை வாங்கினதும், அவற்ர சகோதரன்ர வழியில வந்த ஹெல்முத் ஜேம்ஸ் 1942, 1943இல அங்க மூண்டு தரம் நாசி எதிர்ப்பாளரைக் கூட்டினதும், 1945 ஜனவரி 23இல அவரைத் தூக்கிலிட்டதும் கட்டாயம் வரவேணும். அவற்ர கடிதங்களை மனிசி ஃப்ரையா தேனீப் பெட்டிக்குள்ள ஒளிச்சு வைச்சதையும் சேர்க்கலாம். ஆனால் அது ஒரு பந்திக்கு மேல வேண்டாம். பண்ணைக் கூலியாக்கள் எத்தினை பேர், எந்தக் கோயில், 1945க்குப் பிறகு ஆர் வந்தது எண்டதுதான் ஊர் வரலாறு.

போரில வெண்ட வல்லரசுகளின்ர மாநாட்டில எடுத்த 1945 ஓகஸ்ட் 2 பொட்ஸ்டாம் முடிவோட ஜேர்மன் சனத்தை வெளியேற்றுறதுக்கு வல்லரசுகள் ஒப்புதல் குடுத்தது, ஒழுங்கான ரயில் அனுப்பல் 1946இல. கீழ்ச் சிலேசியாவுக்கு வந்த ஆக்கள் ஒரே கூட்டமில்லை. சோவியத்திட்டப் போன கிழக்குப் பக்கத்தில இருந்து வந்தவை, மத்திய போலந்துக்காரர், 1947 ‘விஸ்துலா நடவடிக்கை’யில சிதறடிச்ச உக்ரேனியர், லெம்கோக்கள் எண்ட மலைப்பக்கச் சிறுபான்மையினர். பண்ணை அரச பண்ணையாச்சு. 1989 நவம்பர் 12இல போலந்துப் பிரதமர் மசோவியெட்ஸ்கியும் மேற்கு ஜேர்மன் அதிபர் ஹெல்முத் கோலும் பங்குபற்றின நல்லிணக்கப் பூசை நடந்தது அந்தப் பண்ணை வளவிலதான். 1998இல அங்க சர்வதேச இளைஞர் சந்திப்பு நிலையம் திறந்தது.

பேரைப் பற்றி: 1946இல ஆணைக்குழு ஒண்டு உத்தியோகப் பேர்களைத் தீர்மானிக்கத் தொடங்கிச்சுது. அதுக்கு முதல் ரயில்வேயும் குடியேறினவையும் தங்கட பாட்டில பேர் வைச்சினம். பக்கத்து ரைஹன்பாக் முதல் ரிஹ்பாக், பிறகுதான் தேனீ வளர்த்த பாதிரியார் ஜெர்ஷோன் நினைவா ஜெர்ஷோன்யூவ். 1945-46 கடிதாசிகளில இப்பத்தையப் பேரைத் தேடினால் ஒண்டும் அகப்படாது. 1975 தொடக்கம் 1998 வரை வந்த புத்தகங்களில ஊர் வவ்ப்ஷிக் மாகாணத்துக்குக் கீழ இருக்கும், 1999இல இருந்து கீழ்ச் சிலேசியா. போலந்து-ஜேர்மனி எல்லையை கிழக்கு ஜேர்மனி 1950இலயே ஏற்றுது, ஒன்றுபட்ட ஜேர்மனி உறுதிப்படுத்தினது 1990 நவம்பர் 14இல. இடையில மேற்கு ஜேர்மனியில அச்சடிச்ச படத்தில ‘போலந்து நிர்வாகத்தின் கீழ்’ எண்டு இருந்தால் அதை அப்பிடியே கட்டுரைக்குள்ள தூக்கி வைக்காதேங்கோ.