குளக்கட்டில் கணினி: வன்னியில் வைத்துப் பார்த்தவர்கள் எழுதுங்கள்

ஒட்டுசுட்டானில் இருந்து (முல்லைத்தீவு மாவட்டம், இலங்கை):

எங்கள் ஊர்க் குளத்தின் நீர்மட்டத்தைத் தானாக அளந்து அனுப்பும் கருவியைக் கமக்காரர் அமைப்போடு சேர்ந்து வைத்தோம். வைக்க நினைப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது மின்சாரக் கணக்கைப் பாருங்கள் என்பதுதான். எந்த சென்சர், எந்த சிப் என்பதெல்லாம் அதற்குப் பிறகு.

கருவியின் மூளையான ஈஎஸ்பி32 சிப் ஆழ்ந்த தூக்கத்தில் 10 மைக்ரோ அம்பியர் அளவுதான் எடுக்கும். ஆனால் அது சிப்புக்கு மட்டும். கடையில் வாங்கும் போர்டில் எந்நேரமும் எரியும் சிவப்பு எல்இடி, யுஎஸ்பி சிப், மின்னழுத்தத்தைச் சீராக்கும் ரெகுலேற்றர் எல்லாம் விழித்தே இருக்கும். மீற்றரை வைத்தால் 10 மில்லி அம்பியர் வரை காட்டும், ஆயிரம் மடங்கு. 2500 மில்லி அம்பியர் மணி பற்றரி ஒரு வேலையும் செய்யாமலே பத்து நாளில் படுத்துவிடும். அதனால் வெறும் மொடியூலை வாங்கி, எம்சிபி1700 ரெகுலேற்றரோடு நாங்களே ஈயம் பற்றவைத்தோம்.

சோலார் தகட்டைச் சித்திரை வெயிலை நம்பி வாங்கக்கூடாது. நீர்மட்டம் அவசரமாகத் தேவைப்படுவது கார்த்திகை, மார்கழியில். வானம் நாட்கணக்கில் மூடிக்கிடப்பதும் அப்போதுதான். 2018 மார்கழி வெள்ளத்தைக் கண்டவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பெட்டியை மருதமர நிழலில் வையுங்கள், தகடு மட்டும் வெயிலில் இருக்கட்டும். சாதாரண லித்தியம் பற்றரியை 45 பாகை வெப்பத்துக்கு மேல் சார்ஜ் செய்யக்கூடாது. வெயிலில் கிடக்கும் பிளாஸ்ரிக் பெட்டி அதைச் சுலபமாகத் தாண்டும்.

மின்சாரத்தை அள்ளிக் குடிப்பது ரேடியோ. அதனால் கணக்கைக் குளக்கட்டிலேயே முடித்துக்கொள்கிறோம். சோளகக் காற்று அடிக்கும் நாட்களில் அலைகரையில் தண்ணீர் ஒரு நிலையில் நிற்காது, ஆகவே பல தடவை அளந்து நடு மதிப்பை எடுக்கிறது. அப்புறம் வெப்பத் திருத்தம். ஒலியை அனுப்பித் தூரம் பார்க்கும் சென்சர் இது. 20 பாகையில் ஒலி செக்கனுக்கு 343 மீற்றர் ஓடும், 35 பாகையில் 352. திருத்தாமல் விட்டால் 3 மீற்றர் தூரத்தில் 8 சென்ரிமீற்றர் பிசகும். அது 3 அங்குலம். வான் பாயுமா (குளம் நிறைந்து வழியுமா) பாயாதா என்று பார்த்துக்கொண்டிருக்கும் இரவில் 3 அங்குலம் சின்ன விசயமில்லை.

மட்டம் அசையாவிட்டால் மணிக்கு ஒரு தடவை, ஏறத் தொடங்கினால் 5 நிமிடத்துக்கு ஒரு தடவை லோராவில், அதாவது குறைந்த மின்சாரத்தில் நெடுந்தூரம் போகும் ரேடியோவில், அனுப்பும். காடு அலையை விழுங்கும் என்பதால் அன்ரனாவை நீர்த்தாங்கியின் உச்சியில் கட்டினோம். அந்த உயரத்தின் பலன் பெரிது. லோராவின் விரிப்புக் காரணியை (கூடக்கூடத் தூரம் போகும், ஆனால் மெதுவாக) 12 இலிருந்து 7 க்குக் குறைக்க முடிந்தது. 12 இல் ஒரு செய்தி ஒரு செக்கனுக்கு மேல் காற்றில் நிற்கும், 7 இல் அதே செய்தி 0.1 செக்கனுக்குள் முடிந்துவிடும். பற்றரிக்கு அது பெரிய ஆறுதல்.

வவுனியாவில் இருந்து:

அண்ணா, நான் உங்கள் கருவிகள் மாதிரி இடங்களில் இருந்து வரும் தரவோடு வேலை செய்கிறவள். கருவியில் எடுக்கும் ஒரு முடிவு எங்கள் மேசையில் எவ்வளவு தூரம் தெரியும் என்பதற்கு ஒரு அனுபவம்.

மழைமானியில் 0.2 மில்லிமீற்றர் மழைக்கு ஒரு தடவை சின்ன வாளி கவிழும். ஓரிடத்தில் ஒவ்வொரு கவிழ்ப்பையும் தனிச் செய்தியாக, கருவிகள் செய்தி அனுப்பும் முறையான எம்கியூடிடியில் (MQTT) அனுப்பினார்கள். எம்கியூடிடி 1999 இல் எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழியாகக் கண்காணிக்க எழுதப்பட்டது, மெலிந்த இணைப்புக்கென்றே பிறந்தது. ஆனால் அதில் 'தரம் 1' (QoS 1) என்ற அனுப்பும் வகை 'ஒரு தடவையாவது வந்து சேரும்' என்றுதான் உறுதி தரும். சிக்னல் தடுமாறினால் அதே செய்தி இரண்டு முறை வரும். நல்ல மழைநாட்களில்தான் சிக்னலும் கெடும், அந்த நாட்களின் மழையே கூடிக்கூடித் தெரிந்தது. கவிழ்ப்பை அனுப்பாமல், தொடங்கியதிலிருந்து மொத்தம் எத்தனை கவிழ்ப்பு என்ற எண்ணை அனுப்பச் சொன்னோம். இரண்டு முறை வந்தாலும் சரி, ஒன்று தொலைந்தாலும் சரி, அடுத்த எண் வந்ததும் கூட்டுத்தொகை நேராகிவிடும்.

இன்னொன்று. மழையிலிருந்து குளத்தின் ஏற்றத்தைக் கணிக்க விலைகூடிய ஜிபியு (பெருங்கணக்குப் போடும் சிப்) தேவை என்று பலர் நினைக்கிறார்கள். ஒரு சில குளங்களின் மணிக்கணக்குத் தரவுக்கு மடிக்கணினியில் ஓடும் முடிவு மரங்களே, அதாவது கேள்வி கேள்வியாகக் கிளை பிரிந்து விடைக்கு வரும் கணிப்பு முறையே, போதும். சின்ன மரமென்றால் அதை நிபந்தனை வரிகளாக எழுதி ஈஎஸ்பி32 க்குள்ளேயே போட்டுவிடலாம். அதன் 520 கிலோபைட் நினைவகத்தில் தாராளமாக இருக்கும்.

மறுபடி ஒட்டுசுட்டான்:

தங்கச்சி சொன்ன மொத்த எண் எங்கள் மழைமானிக்கும் உதவும், நன்றி. பொதுநோக்கு மண்டபத்தில் தரவைச் சேர்க்கும் ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினி பற்றி ஒன்று சேர்க்கிறேன். கரண்ட் போய்ப் போய் வரும் இடத்தில் எஸ்டி அட்டையில் தரவை எழுதாதீர்கள், எழுதும் நேரத்தில் கரண்ட் போனால் அட்டை கெட்டுவிடும். ஒரு சிறிய எஸ்எஸ்டி வட்டும், கரண்ட் போனால் தாங்கிப்பிடிக்கும் பற்றரியும் வையுங்கள். இணையம் விழுந்தாலும் தரவு அங்கேயே எஸ்கியூலைட் தரவுத்தளத்தில் சேர்ந்து நிற்கும்.

கமக்காரர்களுக்குப் போவது எஸ்எம்எஸ்தான். கணினி அறிஞர் மார்க் வைசர் 1991 இல் எழுதியபோது கணினி கண்ணில் படாமல் வாழ்க்கையோடு கலந்துவிட வேண்டும் என்றார். எங்கள் ஊரில் ஐயாமாரின் பழைய போனில் அது கலந்துவிட்டது என்று உறுதியாகச் சொல்வேன். தமிழில் ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 70 குறிகள்தான், 'கோ' என்பதே இரண்டாகக் கணக்காகும். நாங்கள் அனுப்புவது இப்படி (துருசு என்றால் மதகு): "குளம் 9 அடி 4 அங். வான் பாய 8 அங். துருசு பூட்டு."

முல்லைத்தீவுக் கரையோரம் யாராவது வைத்திருக்கிறீர்களா? உப்புக்காற்றில் அன்ரனா இணைப்பிகள் எவ்வளவு காலம் தாங்குகின்றன, எதைப் பூசுகிறீர்கள் என்று எழுதுங்கள். நந்திக்கடல் பக்கம் அடுத்ததை வைக்கும் எண்ணம் இருக்கிறது.