கணுக்கால் திருகாணிகளைக் கழற்றியவர்களின் அனுபவம் தேவை

உறவுகளுக்கு வணக்கம். கிளிநொச்சியில் இரணைமடுக் குளத்து நீரில் வயல் செய்யும் நான், 2 வருடங்களுக்கு முன்னர் வரம்பில் சறுக்கி விழுந்து வலது கணுக்கால் முறிந்தபோது, தகடொன்றும் 7 திருகாணிகளும் வைத்துச் சத்திரசிகிச்சை செய்தார்கள். என்பு நன்றாகப் பொருந்திவிட்டது. ஆனாலும் வெளிப்பக்கத்தில் ஒரு திருகாணியின் தலை தோலுக்கடியில் விரலில் தட்டுப்படுகிறது, சப்பாத்து உரசினால் அந்த இடம் சிவந்து நோகிறது.

கழற்றலாம், ஆனால் கட்டாயமில்லை என்றார் வைத்தியர். காயத்தில் கிருமித்தொற்று ஏற்படுதல், நரம்பு பாதிக்கப்பட்டுப் பாதத்தின் மேற்புறம் விறைத்தல், தலை தேய்ந்த திருகாணி கழலாமலோ உடைந்தோ உள்ளேயே தங்கிவிடுதல் ஆகியவற்றோடு, வெறுந்துளைகள் என்பால் நிரம்பும்வரை அவ்விடம் மீண்டும் முறியக்கூடும் என்பதையும் விளக்கினார். கழற்றினாலும் நோவு முற்றாகப் போகும் என்று அவர் உறுதி கூறவில்லை. எனக்கு நீரிழிவு இருப்பதால் தொற்றுக்குத்தான் அதிகம் அஞ்சுகிறேன். (எண்ணெய் போட்டுக் கட்டும் ஆலோசனைகள் ஊரிலேயே போதிய அளவு கிடைத்துவிட்டன.)

இவ்வாறு கழற்றியவர்கள், குறிப்பாக நீரிழிவு உள்ளவர்கள், காயம் ஆற எவ்வளவு நாள் சென்றது, எப்போது முழுப் பாரத்தையும் ஊன்றி நடந்தீர்கள், எப்போது சேற்றில் இறங்க வைத்தியர் அனுமதித்தார் என்பவற்றை அறியத் தாருங்கள். பெரும்போக விதைப்புக்கு முன்னர் நான் முடிவெடுக்க வேண்டியுள்ளது.