டூயல் சேனல்: அலைவரிசை வேண்டாம், வாய்க்கால் போதும்

நண்பர்களுக்கு வணக்கம்.

நாம் தமிழில் எழுதும் கணினிக் கையேட்டுக்கு, 'டூயல் சேனல்' என்பதற்கு 'இரட்டை அலைவரிசை' என்ற சொல் முன்வைக்கப்பட்டிருப்பதில் எனக்கு உடன்பாடில்லை. அது தொலைக்காட்சிக்குப் பழகிய சொல். இங்கே பேச்சு, கணினியின் செயலிக்கும் அதன் தற்காலிக நினைவகமான ரேமுக்கும் நடுவே தரவு போய்வரும் வழியைப் பற்றியது. அப்படி இரண்டு வழிகள் ஒருசேர ஓடுவதுதான் டூயல் சேனல். அதற்கு எங்கள் திருத்துறைப்பூண்டிப் பக்கம் சொல் தேடி அலைய வேண்டியதில்லை. வாய்க்கால்.

இந்தச் சொல் எனக்குத் தோன்றிய கதையைச் சொல்லிவிடுகிறேன். வீட்டு மேசைக் கணினி 4 ஜிபி ரேமோடு திணறிக்கொண்டிருந்தது. இன்னொரு 4 ஜிபி வாங்கினேன். கடைத் தம்பி அதைப் பழையதற்குப் பக்கத்துச் செருகுவாயிலேயே அழுத்தி, திரையில் 8 என்று காட்டி அனுப்பிவிட்டார். மகள் விளையாட்டைத் திறந்தால் படம் அப்போதும் விட்டுவிட்டுத்தான் ஓடியது. தாய்ப்பலகையின் கையேட்டை ஓராண்டு கழித்துப் பிரித்துப் பார்த்தேன் (யார்தான் முதலிலேயே பிரிக்கிறார்கள்?). நான்கு செருகுவாய்களில் முதல் இரண்டும் ஒரே வாய்க்காலைச் சேர்ந்தவை. கையேடு சொன்னபடி இரண்டாவதிலும் நான்காவதிலும் மாற்றி வைத்தேன். தனி கிராபிக்ஸ் அட்டை இல்லாத கணினி, படம் காட்டவும் இந்த ரேமையே நம்பியிருப்பது என்பதால் வேறுபாடு கண்ணுக்கே தெரிந்தது. கடிதம் மட்டும் தட்டச்சு செய்பவருக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது.

டிடிஆர்4 என்ற ரேம் வகையில் ஒரு வாய்க்காலின் அகலம் 64 பிட். இரண்டும் சேர்ந்து ஓடினால் 128. கொள்ளளவு வேறு, வாய்க்கால் வேறு என்பதைக் கடைமடைக்காரனுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். மேட்டூரில் 120 அடி நிறைந்து நின்றாலும், வாய்க்கால் குறுகிக் கிடந்தால் எங்கள் வயலுக்குத் தண்ணீர் நேரத்துக்கு வந்து சேராது. 8 ஜிபி என்பது மேட்டூர்க் கணக்கு. 'அலைவரிசை' என்ற சொல்லால் இதை விளக்க முடியுமா?

மின்னணுவியலுக்குள் நீர்ப்பாசனச் சொல் எதற்கு என்று ஒரு நண்பர் கேட்கிறார். மின்சாரத்தை 'ஓட்டம்' என்று சொன்னபோது யாரும் கேட்கவில்லையே! ஆங்கிலத்தின் 'சேனல்' என்ற சொல்லே நீர் ஓடும் கால்வாயைக் குறித்த லத்தீன் சொல்லிலிருந்து வந்ததுதான்.

சொல் நீளமாக இருக்கிறது, 'கால்' என்றாலே வாய்க்கால்தானே, 'இருகால்' என்று சுருக்கலாம் என்ற யோசனையும் வந்தது. கேட்க அழகுதான். ஆனால் சில சர்வர்களில் நான்கு சேனல் உண்டு. அதை 'நாற்கால்' என்றால் நாற்காலிதான் முன்னால் வந்து நிற்கும். நான் முதலில் எழுதிவைத்த 'இருவாய்க்கால்' சொல்லையும் கைவிடுகிறேன். என் மகளுக்கே அது இருவாய்ச்சிப் பறவையின் கால் என்று பட்டது. ஆகவே ஒற்றை வாய்க்கால், இரட்டை வாய்க்கால் என்று பிரித்தே எழுதுவோம்.

அடுத்த தலைமுறையான டிடிஆர்5 வந்தபோது ஒவ்வொரு ரேமுக்குள்ளும் வழி இரண்டாகப் பிரிந்து, 32 பிட் அகலத்தில் தனித்தனியே ஓடுகிறது. அதற்கும் சொல் தயாராகக் கிடக்கிறது: கிளை வாய்க்கால். 'கிளை அலைவரிசை' என்று சொல்லிப் பாருங்கள், சிரிப்புத்தான் வருகிறது.

'ஸ்லாட்' என்பதற்கு 'மடை' என்று வைக்க எனக்கும் ஆசை உண்டு. ஆனால் 'செருகுவாய்' பார்த்தவுடனே புரிகிறது, அதைத் தொட வேண்டாம். 4 ஜிபியோடு இன்னொரு 4 சேர்ப்பதை 'மேம்படுத்தல்' என்பதும் கொஞ்சம் மிகை. 'நினைவகம் கூட்டுதல்' போதும்.

நம் கையேட்டு வரைவில் இப்படி எழுதியிருக்கிறேன்: "நினைவகம் கூட்டும்போது, ஒரே அளவுள்ள இரண்டு ரேம்களை வெவ்வேறு வாய்க்காலின் செருகுவாய்களில் பொருத்துங்கள். அப்போதுதான் இரட்டை வாய்க்கால் முழுமையாக இயங்கும்." இதில் 'இயங்கும்' என்பதா, 'பாயும்' என்பதா என்று மட்டும் எனக்கு இன்னும் முடிவாகவில்லை.