‘ரயில்வேயானா’வைத் தமிழில் எப்படிச் சொல்வது?

வணக்கம். ஹட்டனில் எங்கள் பாடசாலையில் சின்னக் கண்காட்சி ஒன்று வைக்கிறோம். பழைய அட்டை டிக்கட்டுகள், பித்தளைக் கை விளக்கு ஒன்று, மை கொட்டிய நேர அட்டவணை ஒன்று, இன்னும் சில சேர்ந்திருக்கின்றன. ஆங்கிலத்தில் இவற்றை ரயில்வேயானா என்கிறார்கள். நான் முகப்பில் ‘தொடருந்து நினைவுப்பொருட்கள்’ என்று எழுதினேன். அதிபர் வாசித்துவிட்டு, “எல்ல ஊரில் சுற்றுலாக் கடையில் விற்கிற சாவிக்கொத்தா டீச்சர்?” என்றார். வேறு சொல் இருந்தால் தாருங்கள். நாளை மறுநாள் எழுதி ஒட்ட வேண்டும்.

*

> நினைவுப்பொருள்

அதிபர் கேட்டது சரி, தங்கச்சி. போய் வந்ததற்கு அடையாளமாகக் காசு கொடுத்து வாங்குவது நினைவுப்பொருள். எல்லவின் ஒன்பது வளைவு ரயில் பாலம் தொங்கும் சாவிக்கொத்துக்கு அந்தச் சொல் பொருந்தும். உங்கள் அட்டை டிக்கட் அப்படியில்லை. யன்னலுக்கு உள்ளே அடுக்கில் இருந்தது, திகதி குத்து வாங்கியது, வண்டிக்குள் ஓட்டையும் வாங்கியது. ஒரு நாளாவது வேலை செய்த சாமான். இதைச் சேர்ப்பவர்கள் இந்த ஒரு விஷயத்தில்தான் கறாராக இருப்பார்கள். பொம்மை ரயில் எவ்வளவு அழகாக இருந்தாலும் சேராது. மை கொட்டிய உங்கள் அட்டவணை சேரும்.

‘தொல்பொருள்’ வேண்டாம். அநுராதபுரத்து மண்ணைத் தோண்டி எடுத்தது போல் இருக்கும். நம் ரயில் பாதைக்கு அந்த வயதில்லை. அம்பேபுஸ்ஸவுக்கு முதல் வண்டி ஓடியது 1864இல். கண்டிக்கு 1867, நாவலப்பிட்டிக்கு 1874, நானுஓயாவுக்கு 1885. பதுளைக்குப் போய்ச் சேர 1924 ஆகிவிட்டது. ‘பழம்பொருள்’ என்றாலோ பழைய இரும்புக்காரரின் தராசுதான் கண்ணுக்கு வருகிறது. அவர் நமக்கு எதிர்க்கட்சி.

என் முன்மொழிவு ‘புழங்குபொருள்’. நான் கண்டுபிடித்ததல்ல. நாட்டார் வழக்காற்றியல் படித்தவர்கள் உலக்கை, முறம், அரிவாள்மணை எல்லாவற்றையும் இந்தச் சொல்லால்தான் குறிக்கிறார்கள். கை பட்டுத் தேய்ந்தது என்ற பொருள் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

முன்னால் என்ன போடுவது? ‘புகையிரதம்’ ரயில்வே திணைக்களத்தின் சொல். ஆனால் கனடாவிலிருந்து டீசல் எஞ்சின்கள் வந்தது 1954இல். ஒன்ராறியோ, அல்பேர்ட்டா என்று அவற்றுக்குப் பெயர் வைத்தார்கள். கரிப்புகை போய் இத்தனை காலமாகியும் பெயரில் புகை போகவில்லை. ‘தொடருந்து’ நல்ல ஆக்கம்தான், ஆனால் தேயிலைத் தோட்டத்தில் அதைச் சொல்லி யாரும் ஓடிப்போய் ஏறி நான் பார்த்ததில்லை. ‘கோச்சி’ என்றால் லயத்துக் கிழவிக்கும் தெரியும். சிக்னலுக்குக் ‘கைகாட்டி’ என்று பெயர் வைத்தது எந்தக் குழு? ஆகவே: கோச்சிப் புழங்குபொருள்.

*

ஒரு ஆட்சேபம், அண்ணா. புழங்குபொருள் வினைத்தொகை. புழங்கிய, புழங்குகின்ற, புழங்கும் என்று மூன்று காலமும் அதற்குள் ஒளிந்திருக்கிறது. காட்சிக்கு வைப்பது வேலையிலிருந்து நீங்கியதாக இருக்க வேண்டாமா? இன்றைக்கு ஓடும் எஞ்சினும் புழங்குபொருள்தானே!

*

இலக்கணம் சரி, தம்பி. ஆனால் மலைநாட்டுப் பாதைக்கு அந்த ஒளிவு தேவைப்படுகிறது என்றே நினைக்கிறேன். டேப்லட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒற்றைத் தடம், ஒரு பிரிவுக்குள் ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான். அதற்கான அனுமதி கையகல உலோக வட்டு ஒன்று, அதுதான் டேப்லட். அதில் இந்த நிலையத்தின் பெயரும் அடுத்த நிலையத்தின் பெயரும் வெட்டியிருக்கும். பெட்டியிலிருந்து அதை நினைத்தபடி எடுக்க முடியாது. அடுத்த நிலைய அதிபர் கம்பி வழியாகச் சம்மதம் தந்தால்தான் பூட்டு விடும். தோல் பையில் போட்டு, பெரிய வளையத்தில் கோத்து, அசைந்துகொண்டிருக்கும் எஞ்சினுக்கு நீட்டுவார்கள். சாரதி கையை வளையத்துக்குள் விட்டு வாங்கிக்கொள்வார். பல நாடுகளில் இது கண்ணாடிப் பெட்டிக்குள் போன பொருள். நமக்கு வேலையாள். (டேப்லட் ஒன்று விலைக்கு வந்தால் வாங்க வேண்டாம். எந்தப் பிரிவில் அதைத் தேடிக்கொண்டிருக்கிறார்களோ!) பதிவேட்டில் ‘புழக்கத்தில் உள்ளது’, ‘புழக்கம் நின்றது’ என்று ஒரு நிரல் போட்டால் காலம் தெளிந்துவிடும்.

இன்னொன்று. இங்கிலாந்தில் ரயில் பாதைகள் 1948இல் அரசுடைமையாகும் வரை கம்பெனிகளிடம் இருந்தன. எந்தக் கம்பெனியின் முத்திரை என்பதில்தான் அங்கே சேகரிப்பவர்களுக்குப் பாதி ருசி. இங்கே கம்பெனிக்காரர்கள் முதல் வண்டி ஓடுமுன்னமே விலகிவிட்டார்கள். விளக்கிலும் பூட்டிலும் சி.ஜி.ஆர். (சிலோன் கவர்ன்மென்ட் ரயில்வே) என்ற மூன்றெழுத்து மட்டும்தான். அப்படியிருக்க, அவர்களின் ‘ரயில்வேயானா’வை அப்படியே பெயர்ப்பது நமக்கு எதற்கு?

எங்கள் வீட்டில் தாத்தாவின் ட்ரங்குப் பெட்டி இருக்கிறது. மூடியில் தலைமன்னாரில் ஒட்டிய பொதிச்சீட்டு, பாதி உரிந்தது. கப்பலால் இறங்கி, பொல்காவலையில் வண்டி மாறி, மலைக்கு வந்த பெட்டி. மலையகத் தமிழரில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்பிய 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு பெரியப்பா குடும்பம் அதே வழியால் திரும்பிப் போனபோது பெட்டியை எங்களிடம் விட்டுப் போனார்கள். கடுகண்ணாவ அருங்காட்சியகத்தில் எஞ்சின்களைப் பார்க்கலாம். இந்தச் சீட்டு எந்தத் தலைப்பின் கீழ் வரும்? ரயில் பாதைக்காரரும் புழங்கினார்கள், நாங்களும் புழங்கினோம். ‘புழங்கு’ என்றால் இரண்டு பக்கமும் வருகிறது.

*

அண்ணா, அதிபருக்குப் பிடித்துவிட்டது. முகப்பில் ‘கோச்சிப் புழங்குபொருட்கள்’ என்று எழுதியாயிற்று. பெட்டியை ஒரு வாரத்துக்குத் தருவீர்களா? அப்புறம், கை விளக்கு கறுத்துப்போய்க் கிடக்கிறது. பிள்ளைகள் பித்தளை துலக்கும் பிராசோ கொண்டுவந்திருக்கிறார்கள். போடலாமா?

*

பெட்டி தருகிறேன். சீட்டின் மேல் செலோடேப் ஒட்ட மாட்டோம் என்று எழுதித் தரவேண்டும். பிராசோ வேண்டவே வேண்டாம். பளபளக்கும், ஆனால் தேய்க்கத் தேய்க்க சி.ஜி.ஆர். எழுத்தும் தேயும். உலர்ந்த பருத்தித் துணியால் தூசியை மட்டும் எடுங்கள். உள்ளே மண்ணெண்ணெய் மிச்சம் இருந்தால் முதலில் அதை வெளியே கொட்டச் சொல்லுங்கள்.