பொருள்: ‘நம்பிக்கை வலை’ வேண்டாம் – நம்பக வலை, அடையாளச் சான்று, தேறுமதிப்பு

வணக்கம் அண்ணாச்சி,

நெல்லைச் சீமையின் வட்டெழுத்துப் படிகளையும் ஆதிச்சநல்லூர்த் தாழிக் குறிப்புகளையும் எழுதுகிறவர்கள், எந்த இதழாசிரியரும் நடுவில் இல்லாமல் தங்களுக்குள்ளேயே சரிபார்த்துக்கொள்ள ஒரு கையேடு எழுதுகிறோம் அல்லவா? அதில், ஒருவருக்கு ஒருவர் சான்றளித்து உருவாகும் வலைக்கு (web of trust) ‘நம்பிக்கை வலை’ என்ற சொல்லை விட்டுவிட்டு ‘நம்பக வலை’ என்று வைக்க வேண்டும் என்பது என் கருத்து. இரண்டு வேறு வேலைகளை அது ஒரே பெயருக்குள் அடைத்துவிடுகிறது.

பில் சிம்மர்மன் பிஜிபி என்னும் மறையாக்க மென்பொருளை 1991-இல் வெளியிட்டார். இந்த வலை என்னும் எண்ணம் அடுத்த ஆண்டு இரண்டாம் பதிப்போடு வந்தது. அதில் ஒருவருடைய சாவிக்கு, அதாவது அவருக்கு வரும் செய்தியைப் பூட்டவும் அவர் கையொப்பத்தைச் சரிபார்க்கவும் அவர் பொதுவில் தரும் நீண்ட எண்ணுக்கு, நான் கையொப்பமிட்டால் ‘இந்தச் சாவி இன்னாருடையது’ என்பதோடு சரி. அவர் கெட்டிக்காரர் என்றோ நேர்மையானவர் என்றோ நான் சொல்லவில்லை. பத்திர ஆபீசில் ‘இவர்தான் அவர்’ என்று சாட்சிக் கையெழுத்துப் போடுவதும், கூட்டுறவு வங்கியில் ஜாமீன் கையெழுத்துப் போடுவதும் ஒன்றாகுமா? முதலாவதில் ஆளைக் காட்டுவதோடு வேலை முடிந்தது. இரண்டாவதில் கடன் திரும்பாவிட்டால் நம் தலையில் விழும். ஆகவே முதல் வேலைக்கு ‘அடையாளச் சான்று’ என்று வைப்போம். ‘பிணை’ என்ற சொல் நன்றாக இருந்தாலும் அது பொறுப்பேற்பைக் குறிப்பதால் இங்கே பொருந்தாது.

இதற்குள்ளும் ஒரு பிரிவு உண்டு. சாவி ‘செல்லுபடி’ ஆவது வேறு, அதன் உரிமையாளர் அடுத்தவர் சாவியைக் கவனமாகப் பார்த்துத்தான் கையொப்பமிடுவார் என்ற ‘நம்பகம்’ வேறு. பிஜிபியின் வழியில் வந்த ஜிபிஜி மென்பொருளின் இயல்பு அமைப்பில், முழு நம்பகம் பெற்ற ஒருவருடைய கையொப்பம் இருந்தால் சாவி செல்லும். அரை நம்பகம் என்றால் மூவர் வேண்டும். சங்கிலி 5 கண்ணியைத் தாண்டக் கூடாது. யாருக்கு எவ்வளவு நம்பகம் என்பது அவரவர் கணினியை விட்டு வெளியே போகாது.

சான்றளிக்கும் முறையைக் கையேட்டில் கறாராக எழுத வேண்டும். நேரில் சந்தித்து, சாவியின் கைரேகையை (சாவியிலிருந்து கணக்கிட்ட அடையாளக் குறியை) 40 இலக்கமும் வாய்விட்டுப் படித்து ஒப்பிட வேண்டும். கடைசி 8 இலக்கத்தை மட்டும் பார்ப்பவர்கள் ஏமாறுவார்கள். அந்த 8 இலக்கம் ஒத்துவரும்படி போலிச் சாவி செய்வது இன்று எளிது. பிறகு கையொப்பமிட்ட சாவியை அவருடைய சாவியாலேயே மறையாக்கி, அவருடைய மின்னஞ்சலுக்கு அனுப்ப வேண்டும். அவர் அதைத் திறந்தால்தான் அந்த முகவரி அவருடையது என்பது உறுதியாகும்.

இனி இரண்டாவது வேலை: இன்ன பொருளில் இவர் சொல்வது எவ்வளவு எடுபடும் என்ற கணிப்பு. ‘நற்பெயர்’ என்றால் கெட்ட பெயருக்கு இடமில்லை. கணக்குப்பதிவியல் பாடநூலும் அதை வேறு பொருளுக்கு எடுத்துக்கொண்டது. ‘மதிப்பு’ மட்டும் என்றால் நிரலில் மாறியின் மதிப்போடு குழம்பும். ‘தேறுமதிப்பு’ என்று முன்மொழிகிறேன். ‘இது தேறுமா, தேறாதா’ என்று நம் ஊரில் யாரும் கேட்பதுதான். ‘தேர்ந்தபின் தேறுக தேறும் பொருள்’ என்ற குறளும் (509) அப்படியே பொருந்துகிறது: முதலில் ஆராய்வது, பிறகு நம்புவது, அதுவும் எந்தப் பொருளில் நம்பலாமோ அந்தப் பொருளில் மட்டும். வட்டெழுத்து வாசிப்பதில் தேறியவரின் தாழிக் காலக்கணிப்பு தானாகத் தேறிவிடாது. ‘தேற்றம்’ கணிதத்துக்குப் போய்விட்டதால் அதைத் தொட வேண்டாம்.

பாளையங்கோட்டையிலிருந்து

*

தம்பி,

‘அடையாளச் சான்று’, ‘தேறுமதிப்பு’ இரண்டும் எனக்குச் சம்மதம். ஒருவர் எழுதியதை அதே துறையினர் சரிபார்ப்பதற்கு ‘ஒப்பார் மதிப்பாய்வு’ என்று யாராவது கொண்டுவந்தால் மறுத்துவிடு. காதில் ஒப்பாரி விழும். புழக்கத்தில் உள்ள ‘சக மதிப்பாய்வு’ போதும்.

நம் வலையைப் ‘பரவலாக்கப்பட்ட’ வலை என்று சொல்வதையும் எடுத்துவிடு. அதிகாரப் பரவலாக்கம் என்றால் மேலே இருப்பவர் கீழே பிரித்துக் கொடுத்தது. இங்கே கொடுக்க மேலே ஆளே இல்லை. அதனால் ‘மையமற்ற’. ஆனால் எல்லா வலைக்கும் இதை ஒட்டாதே. கோப்புப் பகிரும் வலையில் யாரை நம்பலாம் என்று கணக்கிட 2003-இல் வந்த ஐகன்டிரஸ்ட் முறையில், முன்கூட்டியே நம்பப்பட்ட சில கணுக்களை (வலையின் உறுப்பினர்களை) சார்ந்துதான் எல்லோருக்கும் பொதுவான ஒரே கணக்கு வருகிறது. 1999-இல் ராஃப் லெவியன் தொடங்கிய அட்வகேட்டோ என்னும் மென்பொருள் எழுதுவோர் தளமும், முதலிலேயே நம்பப்பட்ட சில ‘விதை’ உறுப்பினர்களிலிருந்தே கிளம்பியது. இவற்றை ‘விதைமைய’ வலை என்று தனியாகச் சொல்வதே நேர்மை. பிஜிபியில் அவரவர் நிற்கும் இடத்திலிருந்து அவரவர் கணக்கு, அதுதான் மையமற்றது.

தேறுமதிப்பு சங்கிலியில் எப்படித் தேயும் என்பதையும் எண்ணோடு காட்டு. நான் உனக்கு வட்டெழுத்தில் 0.9 தருகிறேன், நீ அடுத்தவருக்கு 0.8, அவர் அதற்கடுத்தவருக்கு 0.8. பெருக்கினால் 0.72, பிறகு 0.576. வெட்டெல்லை 0.5 என்றால் இன்னொரு 0.8 வந்ததும் 0.46 ஆகி அறுந்துவிடும். இரண்டு வழியாக வந்தால் கூட்டலாம் என்று தோன்றும். அங்கேதான் பிசகு: இரண்டு வழியும் ஒரே ஆள் வழியாக வந்திருந்தால் அது ஒரே சான்றுதான். நம் பக்கத்தில் கல்வெட்டு வாசிப்பவர்களில் பலர் ஒரே ஆசிரியரிடம் படித்தவர்களாக இருப்பார்கள். ஐந்து பேர் ஒத்துச் சொன்னாலும் அது ஒரு பாடத்தின் ஐந்து படியாக இருக்கலாம். எதிர்மறை மதிப்பைப் பெருக்கவே கூடாது. நான் நம்பாதவர் நம்பாத ஒருவர் எனக்கு நம்பகமானவர் ஆகிவிட மாட்டார்.

ஒருவரே நூறு பெயரில் நுழைவதை ஜான் டூசூர் 2002-இல் சிபில் தாக்குதல் என்று எழுதினார். ‘ஆள்மாறாட்டம்’ என்றால் இருக்கிற இன்னொருவராக நடிப்பது. இது இல்லாதவர்களை உண்டாக்குவது. ‘போலிப்பெருக்கம்’ எப்படி? நூறு போலிகள் தங்களுக்குள் எத்தனை சான்று போட்டுக்கொண்டாலும், உண்மையான ஆட்களிடமிருந்து அந்தக் கூட்டத்துக்குள் போகும் இணைப்புகள் எத்தனையோ அவற்றின் கொள்ளளவுக்குத்தான் மதிப்பு உள்ளே பாயும். அட்வகேட்டோவின் கணக்கு இதை வைத்தே போலிகளைக் கட்டுப்படுத்தியது. அதனால் கவனக்குறைவாகச் சான்று கொடுக்கும் ஒருவர்தான் வலையின் ஓட்டை.

அம்பாசமுத்திரத்திலிருந்து

*

அண்ணாச்சி,

‘போலிப்பெருக்கம்’, ‘விதைமைய’ இரண்டையும் சேர்த்துக்கொள்கிறேன். கூடவே ‘சான்றுவெள்ளம்’: 2019-இல் சாவி வழங்கிகளில் (சாவிகளைப் பொதுவில் சேர்த்துவைத்துத் தரும் கணினிகளில்) சிலருடைய சாவிகள் மேல் பல்லாயிரம் வெற்றுக் கையொப்பங்களைக் கொட்டி, அவற்றை இறக்கியவர்களின் ஜிபிஜி திணறும்படி செய்தார்கள். அதன்பின் வழங்கியிலிருந்து வரும் பிறர் கையொப்பங்களை ஜிபிஜி இயல்பாகவே ஒதுக்குகிறது. நம் வலையில் சாவிக்காரர் ஏற்ற சான்று மட்டுமே அவர் சாவியோடு ஒட்டும்.

மதிப்பாய்வில் கட்டுரையின் சுருக்கக்குறியையும் (ஓர் எழுத்து மாறினாலும் மாறிவிடும், படியிலிருந்து கணக்கிட்ட குறியையும்) துறையையும் காலாவதி நாளையும் சேர்த்தே கையொப்பமிட வேண்டும். சுருக்கக்குறி இல்லாவிட்டால் பழைய படிக்குக் கிடைத்த பாராட்டைத் திருத்திய படியின் மேல் ஒட்டிவிடலாம்.

பாக்கி இருப்பது ஒன்று. தன் பேராசிரியரின் வாசிப்பைத் தவறு என்று சொல்லும் மாணவர் பெயரோடு கையொப்பமிட அஞ்சுவார். இதற்கு 2001-இல் ரிவெஸ்ட், ஷமீர், டாவ்மன் மூவரும் எழுதிய முறை உதவும்: குழுவில் யாரோ ஒருவர் போட்டார் என்பது உறுதியாகும், யார் என்பது தெரியாது. ‘வளையக் கையொப்பம்’ என்று வைக்கலாமா? குழு மூவராக இருந்தால் ஊரில் கண்டுபிடித்துவிடுவார்கள். பத்துப் பேருக்குக் குறையக் கூடாது என்று கையேட்டில் எழுதட்டுமா?

பாளையங்கோட்டையிலிருந்து