க்யூப்ஸ் மாநாட்டை ஒட்டி எங்க ஆன்லைன் கூட்டம்: மைக் இல்ல, கேமரா இல்ல, ஸ்கிரீன் ஷேர் கருப்பு. யாராச்சும் உதவுங்க

கருங்கல்_ஜெராக்ஸ்:
எல்லாருக்கும் வணக்கம். க்யூப்ஸ் ஓஎஸ் தெரியாதவங்களுக்கு: ஒவ்வொரு வேலையையும் 'க்யூப்'ங்கிற தனித்தனி அறையில அடைச்சு வைக்க ஓஎஸ் அது, ஒவ்வொரு க்யூப்போட ஜன்னலுக்கும் அதுக்குன்னு ஒரு கலர் பார்டர் இருக்கும். பெர்லின்ல அதோட மாநாடு நடக்கும்போது, மார்த்தாண்டம் தக்கலை சுத்துவட்டாரத்துல இருக்க நாங்க கொஞ்சம் பேரு அதை நேரலையில பாக்கப் போறோம். அன்னைக்கு ராத்திரியே எங்களுக்குள்ள தமிழ்ல ஒரு ஆன்லைன் கூட்டமும் உண்டு. அவரவர் வீட்டுல இருந்தே சேரணும். அதுல என்னையும் பேசச் சொல்லிட்டாங்க.

எனக்கு ஜெராக்ஸ் கடை. பிரிண்ட் எடுக்க வார பென்டிரைவுல முக்கால்வாசி ஷார்ட்கட் வைரஸோடதான் வரும். அதை சிஸ்-யுஎஸ்பியை, அதாவது யுஎஸ்பிச் சாதனங்களுக்குன்னே இருக்க க்யூப்பைத் தாண்டி உள்ள விடமாட்டேன். பிடிஎஃப் மட்டும் எடுத்து, தூக்கிப் போடுற டிஸ்போசபிள் க்யூப்ல நம்பகமான பிடிஎஃபா மாத்தி, அப்புறம்தான் பிரிண்டர் க்யூப்புக்கு அனுப்புவேன். அந்த வேலையைத்தான் நேர்ல செஞ்சு காட்டணும்.

ஒத்திகை பாத்தோம். ஒண்ணும் உருப்படல.

லேப்டாப் பழைய ஐ5, ராம் 8 ஜிபி, க்யூப்ஸ் 4.2. பழைய மாநாட்டு வீடியோவைப் போட்டா விட்டு விட்டு ஓடுது, ஃபேன் சத்தம் கடைக்கு வெளிய கேக்கு. மீட்டிங் க்யூப்ல நான் பேசுனது யாருக்கும் கேக்கல, அவங்க பேசுனது எனக்கும் கேக்கல. கேமராவைச் சேக்கப் போனா எர்ரர். ஸ்கிரீன் ஷேர்ல 'முழுத் திரை' கொடுத்தா எதிர்ல இருக்கவங்களுக்கு வெறும் கருப்பு, நடுவுல பிரவுசர் மட்டும் தெரியுதாம். அதே லேப்டாப்புல முன்ன உபுண்டு வச்சிருந்தப்போ இதெல்லாம் ஒழுங்கா ஓடிச்சு, அதனால சாமான் கெட்டுப் போகல.

குலசேகரம்_ரப்பர்:
மக்கா, போனை எடுத்து மீட்டிங்ல சேரு. அஞ்சு நிமிஷ வேலை.

கருங்கல்_ஜெராக்ஸ்:
போன்ல க்யூப்ஸை எப்படி டெமோ காட்ட? நீங்க வந்து காட்டுதியளா?

வடசேரி_லினக்ஸ்:
தம்பி, ரெண்டு விஷயம் சொல்லுங்க. மீட்டிங் க்யூப் எந்த டெம்ப்ளேட்ல, அதாவது எந்த மூல அச்சுல இருந்து உண்டாக்குனது? எல்லா மென்பொருளும் உள்ள முழு டெம்ப்ளேட்டா, அத்தியாவசியம் மட்டும் உள்ள மினிமலா? அப்புறம் அந்த எர்ரர்ல என்ன எழுதியிருக்கு? "எர்ரர் வருது"ன்னு மட்டும் சொன்னா, வைத்தியர்ட்ட போய் "மேலுக்கு முடியல"ன்னு சொல்லிட்டு உக்காந்திருக்க மாதிரிதான்.

கருங்கல்_ஜெராக்ஸ்:
ராம் கம்மிங்கதால டெபியன் மினிமல்ல இருந்து உண்டாக்குனேன் அண்ணே. நெட்டுக்கான பொதியும் பயர்பாக்ஸும் மட்டும் போட்டேன். எர்ரர்ல யுஎஸ்பி-பிராக்ஸி இல்லன்னு என்னமோ இருந்துச்சு.

வடசேரி_லினக்ஸ்:
அப்போ சத்தம், கேமரா ரெண்டுக்கும் ஒரே காரணம்தான்.

மினிமல் டெம்ப்ளேட்ல ஆடியோவுக்கான க்யூப்ஸ் பொதியும் கிடையாது, யுஎஸ்பிச் சாதனத்தை ஒரு க்யூப்ல இருந்து இன்னொண்ணுக்குக் கடத்துற யுஎஸ்பி பிராக்ஸிப் பொதியும் கிடையாது. க்யூப்புக்கு சவுண்ட் கார்டு நேரடியாக் கிடைக்காது. சத்தம் டாம்0-க்கு, அதாவது எல்லாக் க்யூப்பையும் ஆளுற தலைமை அறைக்குப் போய்த்தான் வெளிய வரும், மைக்கும் அந்த வழியாத்தான் உள்ள போகும். அந்தக் குழாயோட க்யூப் பக்கத்து முனையே உங்கட்ட இல்ல. அதான் ரெண்டு பக்கமும் ஊமை.

டெபியன் டெம்ப்ளேட்ல 'பைப்வயர்-க்யூப்ஸ்', 'க்யூப்ஸ்-யுஎஸ்பி-பிராக்ஸி' ரெண்டையும் நிறுவுங்க. க்யூப்புக்குள்ள இல்ல, டெம்ப்ளேட்டுக்குள்ள. க்யூப்ல நிறுவுனா அடுத்த தடவை திறக்கும்போது போயிரும். டெம்ப்ளேட்டுக்கு நெட் இல்லாட்டியும், க்யூப்ஸ்ல அப்டேட்டுக்குன்னே இருக்க பிராக்ஸி வழியா வாங்கிக்கிடும், அதனால நெட்டைக் கொண்டுபோய் அதுல சொருகாதீங்க. நிறுவுன பிறகு டெம்ப்ளேட்டை அணைங்க, அப்புறம் மீட்டிங் க்யூப்பையும் அணைச்சுத் திறங்க. இந்தக் கடைசிப் படியை விட்டுட்டுத்தான் பாதிப் பேரு "நிறுவிட்டேன், ஆனா வரல"ன்னு வந்து நிப்பாங்க.

மைக்கைத் தனியாச் சேக்கணும். க்யூப் ஓடிக்கிட்டு இருக்கும்போது மேல வலது மூலையில இருக்க சாதனங்கள் ஐகானை அமுக்குங்க, மைக்ரோஃபோன்னு டாம்0 பேர்ல ஒண்ணு கிடக்கும். அதை மீட்டிங் க்யூப்போட இணைங்க. கேமராவும் அங்கேயேதான், சிஸ்-யுஎஸ்பி பேர்ல இருக்கும். லேப்டாப்புக்குள்ளயே இருக்க கேமராவும் பெரும்பாலும் உள்ளுக்குள்ள யுஎஸ்பிதான்.

திங்கள்சந்தை_நெட்:
நடுவுல ஒரு சந்தேகம். பெர்லின் நேரம் நமக்கு எத்தனை மணி? ஒருத்தன் மூணரைங்கான், ஒருத்தன் நாலரைங்கான்.

வடசேரி_லினக்ஸ்:
ரெண்டும் சரிதான். அங்க கோடைக்கால நேரம் ஓடும்போது மூணரை மணி வித்தியாசம், அக்டோபர் கடைசி ஞாயித்துக்கிழமை கடிகாரத்தைப் பின்னால தள்ளுன பிறகு நாலரை. 2022, 2024 மாநாடு செப்டம்பர்ல, 2023 மாநாடு அக்டோபர் தொடக்கத்துல. அதனால மூணரையை வச்சே கணக்குப் போடுங்க. அங்க காலையில 9:30-ன்னா நமக்கு மதியம் 1 மணி. சோறு உண்ணுட்டு உக்காரலாம். 2020-ல கொரோனா நேரத்துல முழுக்க ஆன்லைன்லயே நடத்துனாங்க. இப்போ ஆளுங்க பெர்லின்ல கூடுனாலும் நேரலை உண்டு. கூட நடத்துற 3எம்டெப் கம்பெனியோட யூடியூப் பக்கத்துல பழைய பேச்செல்லாம் கிடக்கு.

கருங்கல்_ஜெராக்ஸ்:
அண்ணே, மைக் வந்துட்டு! அவங்க சத்தமும் கேக்கு. கேமரா இணைஞ்சுட்டு, ஆனா கொஞ்ச நேரத்துல படம் அப்படியே உறைஞ்சு நிக்கி.

கோட்டாறு_டெர்மினல்:
கேமராவுக்கு நான் சொல்லுதேன். யுஎஸ்பியை ஒரு க்யூப்ல இருந்து இன்னொண்ணுக்குக் கடத்தும்போது கீபோர்டு, பென்டிரைவு மாதிரி சின்னச் சரக்கு தாராளமாப் போகும். கேமரா நிக்காம அனுப்பிக்கிட்டே இருக்கும், அங்கதான் திணறுது. மீட்டிங் அமைப்புல தெளிவைக் குறைச்சு 640க்கு 480 வச்சுப் பாருங்க. அப்படியும் உறைஞ்சா 'க்யூப்ஸ் வீடியோ கம்பானியன்'னு ஒண்ணு இருக்கு. அது கேமராவை சிஸ்-யுஎஸ்பியிலயே விட்டுட்டு, படத்தை மட்டும் மீட்டிங் க்யூப்புக்கு அனுப்பும். அந்தப் பக்கத்துல பிரவுசருக்கு அது சாதாரண கேமரா மாதிரியே தெரியும். யுஎஸ்பிச் சாதனத்தையே தூக்கிக் கொடுக்குறதை விட இதுல ஆபத்து குறைவு, எனக்கு அந்த வகையிலயும் இதுதான் பிடிக்கும்.

உண்மையில உங்க முகம் யாருக்கு வேணும்? கேமராவை விட்டுத் தள்ளுங்க.

ஸ்கிரீன் ஷேர் கருப்பா வாரது கோளாறே இல்ல. அதைச் சரி பண்ணவும் பாக்காதீங்க. ஒவ்வொரு க்யூப்புக்கும் அதுக்குள்ள இருக்க ஜன்னல் மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். எல்லாத்தையும் ஒண்ணாச் சேத்து, கலர் பார்டர் போட்டு மேசையில வைக்கது டாம்0. அதுக்கு நெட்டே கிடையாது. மீட்டிங் க்யூப் 'முழுத் திரை'ன்னு கொடுத்தா அதோட சொந்தத் திரைதான் போகும், மத்த இடமெல்லாம் கருப்பு. உங்க பேங்க் க்யூப்பை மீட்டிங் பிரவுசர் எட்டிப் பாக்க முடியாதுன்னு நம்பித்தானே இதைப் போட்டு வச்சோம். 2010-ல ஜோவன்னா ருட்கோவ்ஸ்கா இதை வெளிய கொண்டுவந்த நாள்ல இருந்தே கணக்கு அதுதான்: ஒரு அறையில திருடன் புகுந்தாலும் அடுத்த அறைக்கு வழி கிடையாது.

ஆனா உங்க டெமோவோட உசிரே அந்தக் கலர் பார்டர்தான். சிவப்பு க்யூப்ல இருந்து பச்சைக்கு எப்படிப் போகுதுன்னு காட்டணும். அதுக்கு எனக்குத் தெரிஞ்சு ரெண்டு வழி. டாம்0-ல ஸ்கிரீன்ஷாட் எடுத்து மீட்டிங் க்யூப்புக்கு அனுப்பி, ஸ்லைடாக் காட்டலாம். இல்லன்னா வேற ஒரு சாதா லேப்டாப் எடுங்க. க்யூப்ஸ் லேப்டாப்போட எச்டிஎம்ஐயை ஒரு கேப்சர் ஸ்டிக்ல சொருகி, ஸ்டிக்கை அந்த லேப்டாப்போட யுஎஸ்பியில மாட்டுனா அங்க அது கேமரா மாதிரி வரும். மீட்டிங்கும் அந்த லேப்டாப்புலயே ஓடட்டும்.

வடசேரி_லினக்ஸ்:
அக்கா சொன்ன ரெண்டாவது வழிதான் நல்லது. ஆனா தம்பி, அதுல திரையில வாரது எல்லாமே போகும், க்யூப்ஸால எதையும் மறைக்க முடியாது. ரகசியம் வைக்க நெட் இல்லாத வால்ட் க்யூப்பையும் பாஸ்வேர்டு பெட்டியையும் முன்னாடியே மூடிருங்க. கடைக்கு வந்தவங்க ஆதார் பிடிஎஃப் ஒண்ணும் திறந்து கிடக்கக் கூடாது. டெமோவுக்குன்னு ஒரு வெறும் பென்டிரைவுல சும்மா ஒரு பிடிஎஃப் போட்டு வச்சுக்கிடுங்க.

குலசேகரம்_ரப்பர்:
கடைசியில சாதா லேப்டாப்புலதான் மீட்டிங். நான் முதல்லயே என்ன சொன்னேன்?

கோட்டாறு_டெர்மினல்:
நீங்க சொன்னது போன். 😄 ஆனா நியாயம்தான். வேலைக்கு ஒரு மெஷினு, அதைக் காட்ட ஒரு மெஷினு. காட்டுற மெஷின்ல ரகசியம் ஒண்ணும் இல்லாட்டி அதுல எந்த ஓஎஸ் இருந்தா என்ன?

கருங்கல்_ஜெராக்ஸ்:
மச்சான் லேப்டாப் இருக்கு, கேப்சர் ஸ்டிக் நாகர்கோவில்ல வாங்கிக்கிடுதேன். வீடியோ விட்டு விட்டு ஓடுததுக்கு வழி சொல்லலியே?

வடசேரி_லினக்ஸ்:
க்யூப்புக்கு கிராபிக்ஸ் சிப்பை விட மாட்டாங்க, அதுவும் வேணும்னே செஞ்சதுதான். வீடியோவை விரிக்க வேலை முழுக்க சிபியு தலையில. உபுண்டுல அதே லேப்டாப் சுகமா ஓடுனதுக்குக் காரணம் அங்க கிராபிக்ஸ் சிப் கை கொடுத்துச்சு. பாக்குற க்யூப்போட அமைப்புல விசிபியு, அதாவது அதுக்கு ஒதுக்குன சிபியு கோர் 2-ன்னு இருக்கும், உங்க லேப்டாப்புல நாலு கோர் இருந்தா அதை 4 ஆக்குங்க. தெளிவை 480-க்கு இறக்குங்க, பேச்சுக்கும் ஸ்லைடுக்கும் அது தாராளம். யூடியூப் பழைய எச்.264 வடிவத்துல கொடுக்கும்படி செய்ய பயர்பாக்ஸ் நீட்சி கிடைக்கும். புது வடிவமான விபி9, ஏவி1 ரெண்டும் பழைய சிபியுவைப் போட்டுப் பிழிஞ்சிரும்.

பெரிய சங்கதி ராம்தான். க்யூப்ஸுக்குக் குறைஞ்சது 6 ஜிபி, அவங்க சொல்லுதது 16. உங்க 8-ல நெட்டைப் பிடிக்க சிஸ்-நெட், ஃபயர்வால், யுஎஸ்பி, டோர் வழியா நெட்டுக்குப் போற வோனிக்ஸ், அதுக்கு மேல பிரவுசர் க்யூப்புன்னா எல்லாம் ஒண்ணை ஒண்ணு நெருக்கும். பாக்குற நேரத்துக்கு வோனிக்ஸை அணைங்க, பிரிண்டர் க்யூப்பை அணைங்க. 8 ஜிபி ராம் குச்சி இன்னொண்ணு போட இடம் இருந்தா போட்டுருங்க, கடை வேலைக்கும் நிம்மதி.

தக்கலை_டக்ஸ்:
கூட்டத்துல நானும் உண்டு. ராத்திரி மழைன்னா கரண்ட் போகும், அதையும் பாத்து வைக்கணும். கரண்ட் போய் லேப்டாப்பை மூடித் திறந்தா எனக்கு சிஸ்-நெட்ல வைஃபையே காணாமப் போகும்.

கோட்டாறு_டெர்மினல்:
வைஃபை டிரைவர் தூக்கத்துல இருந்து சரியா முழிக்கல, அவ்வளவுதான். அன்னைக்கு மூடியை மூடுனாலும் தூங்காம இருக்கும்படி பவர் அமைப்புல மாத்தி வச்சிருங்க. அப்படியும் போச்சுன்னா சிஸ்-நெட்டை மட்டும் அணைச்சுத் திறந்தாப் போதும், முழு மெஷினையும் ரீஸ்டார்ட் பண்ண வேண்டாம். ரெண்டாவது நெட்டுக்குப் போன் ஹாட்ஸ்பாட் வைங்க. யுஎஸ்பி டெதரிங்னு வயர்ல நெட் எடுத்தா போனை சிஸ்-யுஎஸ்பியில இருந்து சிஸ்-நெட்டுக்குக் கடத்தணும், கூட்டத்துக்கு நடுவுல அந்தப் பாடு எதுக்கு?

கருங்கல்_ஜெராக்ஸ்:
ராமும் ஸ்டிக்கும் வாங்கியாச்சு. ஒத்திகை மறுபடியும் பாத்தோம். கலர் பார்டர் எல்லாம் தெரிஞ்சிச்சாம், வைரஸ் பென்டிரைவு சிஸ்-யுஎஸ்பியில மாட்டிக்கிட்டு நிக்கதைப் பாத்து எல்லாரும் சிரிச்சாச்சு. நேரலை 480-ல ஒழுங்கா ஓடுது, ஃபேன் மட்டும் கொஞ்சம் கத்துது. அண்ணனுக்கும் அக்காவுக்கும் நன்றி. லேப்டாப் ரெண்டுக்கும் பேட்டரி உண்டு, அதனால கரண்டுக்குப் பயம் இல்ல.

தக்கலை_டக்ஸ்:
லேப்டாப் ரெண்டுக்கும் பேட்டரி உண்டு, சரி. நெட்டு வார ஃபைபர் பெட்டிக்கு?

கருங்கல்_ஜெராக்ஸ்:
அது கடை இன்வெர்ட்டர்ல இல்லியே. நாளைக்கே வயர் இழுக்கச் சொல்லுதேன்.